விண்டோஸ் வராத கணினி: ஃபார்மேட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் வரவில்லை என்றதும் அக்கம்பக்கத்தில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றே ஒன்று: 'ஃபார்மேட் போட்டுடலாம்.' அவசரப்படாதீர்கள். ராம் (தற்காலிக நினைவகப் பட்டை) சரியாக உட்காராத கணினிக்கு எத்தனை முறை ஃபார்மேட் போட்டாலும் அது எழுந்திருக்காது. ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கும் கணினிக்குப் போட்டாலோ, உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் சேர்ந்து போய்விடும். முதலில் தெரிய வேண்டியது கணினி எந்த இடத்தில் நின்றது என்பதுதான். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தெரியும்வரை, சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதுபோல வேலை கைமாறிக்கொண்டே போகிறது. கணினிக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்டுகளைக் கொடுத்து, எல்லாம் சீராக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சைகை காட்டும். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல், பிராசஸரையும் ராமையும் கிராபிக்ஸையும் சோதிக்கும். இதற்கு போஸ்ட் என்று பெயர். பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தேடும். அந்த டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற சிறு நிரல் விண்டோஸை எழுப்பும்.

திரையைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். கம்பெனி லோகோ வந்துவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸும் போஸ்ட்டும் பெரும்பாலும் தேறிவிட்டன. லோகோவின் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுழன்றால் டிஸ்க்கும் பூட் மேனேஜரும் கிடைத்துவிட்டன, கோளாறு அதற்கும் பிறகுதான். லோகோ வந்து, பின் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி மட்டும் நின்றால் தேடல் டிஸ்க்கில் முட்டி நிற்கிறது.

கைவசம் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவ், வேலை செய்யும் இன்னொரு கணினி இருக்கட்டும். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. எந்த ஒயரைக் கழற்றும் முன்பும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபினட்டைத் திறக்கும்முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் பாகங்களைத் தொட வேண்டும்.

உயிரே இல்லை என்றால்

ஃபேனும் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் யுபிஎஸ்ஸையும் விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. பெரும்பாலான மானிட்டர்களின் பவர் கேபிளும் சிபியுவின் கேபிளும் ஒரே வகைதான். மாற்றி மாட்டினால் கேபிள் கோளாறா என்று அரை நிமிடத்தில் தெரியும்.

அடுத்து சந்தேகப்பட வேண்டியது பவர் பட்டன். பல வருடம் அழுத்தி அழுத்தி உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் மதர்போர்டின் மூலையில் உள்ள சிறு பின்களில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். கணினி ஆன் ஆனால் பட்டன்தான் குற்றவாளி. ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டிச் சமாளித்துக்கொள்ளலாம்.

அதுவும் இல்லையென்றால், மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளையும், பிராசஸருக்கு அருகில் உள்ள 4 அல்லது 8 பின் கேபிளையும் கழற்றி, கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். பின் எஸ்எம்பிஎஸ் சோதனை. பவர் கேபிளைப் பிடுங்கிய நிலையில் 24 பின் கேபிளை மதர்போர்டிலிருந்து முழுவதும் கழற்றி, அதில் உள்ள ஒரே பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கருப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, பிறகு கரண்ட் கொடுங்கள். மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் காட்ட வேண்டும். ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும் சான்று ஆகாது. சுமை ஏறியதும் படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு, சுமை இல்லாதபோது ஃபேனையே சுற்றாத நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு. ஒயர்கள் எல்லாம் கருப்பாக இருந்தால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்கள். அதன் பெட்டியைத் திறக்க மட்டும் திறக்காதீர்கள். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் ஆளைத் தூக்கி எறியும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே இல்லை

முதல் கேள்வி சற்று அசட்டுத்தனமாகத் தோன்றும்: மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். வீடு துடைத்தபோது கழற்றி மறுபடி மாட்டியவர்கள் மதர்போர்டு போர்ட்டில் செருகிவிடுவது வழக்கம். மாடல் எண்ணின் இறுதியில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராபிக்ஸே கிடையாது. அவற்றில் மதர்போர்டு போர்ட்டுக்கு எப்போதும் படம் வராது.

அடுத்தது ராம். நம் ஊர்த் தூசிக்கும் ஈரக்காற்றுக்கும் 'நோ டிஸ்பிளே' என்று வரும் கணினிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கிளிப்பைத் தள்ளி ராமைக் கழற்றுங்கள். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும். தங்க நிறப் பட்டைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் நாலைந்து முறை தேய்த்து, துகளை நன்றாகத் தட்டிவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் சுத்தம். உப்புத்தாள் கூடவே கூடாது, தங்கப் பூச்சு உரிந்துவிடும். ஸ்லாட்டுக்குள் உலர்ந்த பிரஷ் மட்டும் போதும், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

திருப்பி மாட்டும்போது ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட் அதற்குரியது. நடுவில் உள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனையிலும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். புதியவர்கள் போர்டு உடைந்துவிடும் என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். அந்த அரை மில்லிமீட்டரில்தான் டிஸ்பிளே நிற்கிறது. வரவில்லையென்றால் அடுத்த ராம், பிறகு அடுத்த ஸ்லாட். டிடிஆர்5 ராம் போட்ட புதிய கணினிகளில் ராமை மாற்றிய பின் முதல்முறை ஆன் செய்தால் சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கலாம். போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பொறுமையிழந்து அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அண்மைக்கால மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, சோதனை அங்கே நிற்கிறது. பழைய போர்டில் சிறு ஸ்பீக்கர் இருந்தால் பீப் ஒலியைக் கேளுங்கள்: விட்டுவிட்டு நீளமாக வந்தால் பெரும்பாலும் ராம், ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் கிராபிக்ஸ். கணக்கு பயாஸுக்குப் பயாஸ் மாறும், போர்டின் மேனுவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆன் ஆகிச் சற்று நேரத்தில் தானே அணைந்தால் பிராசஸர் ஃபேனைப் பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. ஒன்று தூக்கிக்கொண்டாலும் சூடு இறங்காது.

லோகோ வருகிறது, அப்புறம் ஒரு வரி

'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்', 'நோ பூட்டபிள் டிவைஸ்', 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்'. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன், செருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கணினி உங்கள் பாட்டு பென்டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இல்லையென்றால் பயாஸுக்குள் போக வேண்டும். ஆன் செய்த உடனே டெலிட் கீயை அல்லது எஃப் 2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பியில் எஃப் 10, லெனோவோ டெஸ்க்டாப்பில் எஃப் 1. உள்ளே இரண்டு விஷயம் பாருங்கள்: தேதி சரியா, டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா.

டிஸ்க்கின் பெயரே இல்லையென்றால் அது கேபிள் அல்லது டிஸ்க் கோளாறு, விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். டிஸ்க்குக்குப் போகும் பவர் கேபிளையும் மாற்றுங்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறு பட்டையான எம்.2 எஸ்எஸ்டியானால் ஸ்க்ரூவைக் கழற்றி, வெளியே எடுத்துத் திரும்பச் சொருகுங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஒன்றை மாட்டினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும். புது எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய டிஸ்க் காணாமல் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் அத்தோடு அணைத்துவிடுங்கள். உள்ளே ஊசி தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் மீட்கக்கூடிய தகவலைக் குறைக்கும்.

டிஸ்க் தெரிகிறது, தேதி மட்டும் பல வருடம் பின்னால் இருக்கிறது என்றால் மகிழ்ச்சியடையுங்கள், இது மலிவான கோளாறு. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. கணினி பிளக்கில் இருந்து சுவர்ச் சுவிட்சும் ஆனில் இருந்தால் கடிகாரத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸே கரண்ட் கொடுக்கும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிடுவதால் இரவெல்லாம் பேட்டரிதான் தாங்குகிறது, அதனால் சீக்கிரம் தேய்கிறது. பேட்டரி தீர்ந்தால் மறப்பது தேதியை மட்டுமல்ல. பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்ஸ் எல்லாமே கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். அங்கேதான் விண்டோஸ் தடுக்கி விழுகிறது.

புதிய பேட்டரியை எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி போட்டு, தேதியைச் சரிசெய்து, மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா என்பது. இரண்டாவது, கணினி தொடங்கும் புது முறையான யுஇஎஃப்ஐயா, பழைய முறையான லெகசியா என்ற தேர்வு. சிஎஸ்எம் என்ற பெயரிலும் இருக்கும். ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் யுஇஎஃப்ஐயில் மட்டுமே எழும், எம்பிஆர் முறையில் உள்ளது லெகசியில் மட்டுமே எழும். விண்டோஸ் 11 என்றால் சந்தேகமில்லாமல் யுஇஎஃப்ஐயை வையுங்கள். மூன்றாவது, சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு கணினி பேசும் முறை. விண்டோஸை நிறுவியபோது ஏஎச்சிஐயில் இருந்து இப்போது ரெய்டு ஆகிவிட்டால், அல்லது நேர்மாறாக ஆகிவிட்டால், புள்ளிகள் சுழன்று நீலத்திரை வந்து 'இன்ஆக்ஸசபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லும். பழைய நிலைக்கு மாற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்துவிடும். இதே திரையைக் கண்டு ஃபார்மேட் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால், பெரும்பாலும் விண்டோஸோடு முன்பு லினக்ஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருந்து, யாரோ டிஸ்க்கில் அதற்கு ஒதுக்கிய பார்ட்டிஷனை அழித்திருக்கிறார்கள். யுஇஎஃப்ஐ கணினியில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினால் போதும்.

தகவலை முதலில் எடுங்கள்

இதற்கு மேல் எந்தப் பழுது பார்ப்பதும் டிஸ்க்கில் எழுதும் வேலை. வேறு கணினியில் உபுண்டு என்ற இலவச லினக்ஸை இறக்கி பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனு கீ, ஆசஸ் போர்டில் எஃப் 8, எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் எஃப் 11, கிகாபைட், டெல், லெனோவோவில் எஃப் 12, எச்பியில் எஃப் 9. நிறுவாமல் 'ட்ரை' என்பதை அழுத்தினால் உபுண்டு பென்டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் டிஸ்க்கைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டரில் உள்ளதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்த கோப்புகளும் அதற்குள்தான் இருக்கும். இங்கே காப்பி மிக மெதுவாக ஊர்ந்தால், நடுநடுவே பிழை வந்தால், டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. முக்கியமானவற்றை முதலில் எடுங்கள், சினிமாக்கள் கடைசியில்.

டிஸ்க் பூட்டியிருக்கிறது என்று வந்தால் அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு. விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலேயே இதைப் போட்டுவைக்கிறது. திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். விண்டோஸில் நுழைய எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பயன்படுத்தினீர்களோ, அதில் செல்போன் வழியாக உள்ளே போனால் அங்கே சேமித்திருக்கும். பயாஸை ரீசெட் செய்தாலோ அதில் உள்ள 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்புத் தேர்வை மாற்றினாலோ இந்தச் சாவியைக் கணினி கேட்கும். சாவியைத் தேடி எழுதிவைத்த பிறகே அவற்றில் கை வையுங்கள்.

புள்ளிகள் சுழன்று விழுகிறது

இப்போதுதான் விண்டோஸைக் குறை சொல்லலாம். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனது, ஒத்துவராத டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்), பழுதான கோப்பு என்று காரணங்கள் பல. 'அப்டேட்' என்று சதவீதம் காட்டிக்கொண்டு நின்றால் உடனே அணைக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஒன்றிரண்டு மணி நேரம்கூட எடுக்கும். டிஸ்க் விளக்கு மினுக்கும்வரை வேலை நடக்கிறது என்று பொருள்.

மீட்புத் திரைக்குப் போக இரண்டு வழி. புள்ளிகள் தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாம் முறை 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இந்த அடாவடி வேண்டாம். இரண்டாவது வழி: வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, நிறுவும் திரையில் 'ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்.

அங்கே இந்த வரிசையில் போங்கள். ஸ்டார்ட்அப் ரிப்பேர் முதலில், கெடுதல் இல்லாதது. பலிக்காவிட்டால், சமீபத்தில் அப்டேட் நடந்திருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்; அதில் குவாலிட்டி அப்டேட்டை முதலில் நீக்குங்கள். பிறகு சிஸ்டம் ரிஸ்டோர். முன்பே அது இயக்கப்பட்டிருந்தால்தான் தேதிகள் தெரியும். உங்கள் கோப்புகளைத் தொடாது, அந்தத் தேதிக்குப் பின் போட்ட டிரைவர்களும் மென்பொருள்களும் மட்டும் போகும்.

பிறகு சேஃப் மோட். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து 4 என்ற எண்ணை அழுத்துங்கள். விண்டோஸில் நுழைய நீங்கள் வைத்த 'பின்' (PIN) எண்ணை அது ஏற்காமல் போகலாம், பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும். சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் எழும். அதில் நன்றாக ஓடினால் குற்றம் வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றுடையது: கடைசியாகப் போட்ட கிராபிக்ஸ் டிரைவர், ஆன்டிவைரஸ். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அவற்றில் டிஸ்க்கும் நன்றாக இருந்தது, விண்டோஸும் நன்றாக இருந்தது. சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை அழித்ததும் எழுந்தன.

பூட் கோப்புகளே கெட்டிருந்தால் 0எக்ஸ்சி000000எஃப் போன்ற எண்ணோடு நீலத்திரை வரும். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறங்கள். மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும்; வழக்கமான சி டிரைவ் இங்கே டி ஆகியிருக்கலாம். டிஐஆர் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு, டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டால் உள்ளே இருப்பது தெரியும். விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறதோ அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சி என்றால், பிசிடிபூட் (bcdboot) என்ற கட்டளைக்குப் பின் இடைவெளி, சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, விண்டோஸ் என்று அடித்து என்டர் தட்டுங்கள். பூட் கோப்புகள் புதிதாக எழுதப்படும். பலரும் பரிந்துரைக்கும் பூட்ரெக் கட்டளை யுஇஎஃப்ஐ கணினியில் 'ஆக்ஸஸ் டினைடு' என்று மறுப்பது சகஜம், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையில் எஃப் (/f) போட்டால் கோப்பு அட்டவணையைத் திருத்தும், ஆர் (/r) போட்டால் டிஸ்க் முழுவதையும் படிக்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டாவது பல மணி நேரம் ஆகும். தகவலை எடுக்காமல் அதை ஓட்டினால், தள்ளாடும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே விழுந்துவிடலாம்.

ஒவ்வொரு முறையும் நீலத்திரையில் வேறு வேறு பெயர் வருகிறதா? விண்டோஸை விடுங்கள், மறுபடி ராமுக்கு வாருங்கள். பயாஸில் ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரல் ஏற்றிய பென்டிரைவால் ஒரு இரவு சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பக்கூடாது.

எல்லாம் தோற்றால்தான் மறுநிறுவல். 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் கோப்புகள் இருக்கும், மென்பொருள்களை மறுபடி போட வேண்டும். டேலி போன்றவற்றின் லைசென்ஸ் விவரத்தை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவதானால், விண்டோஸ் போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் எஸ்எஸ்டியிலும் பூட் மேனேஜர் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் போய் உட்காரலாம். பிறகு ஒருநாள் அந்தப் பழைய டிஸ்க் போகும்போது, நன்றாக இருக்கும் எஸ்எஸ்டியோடு அதே கருப்புத் திரையின் முன் உட்கார வேண்டிவரும்.